பெருநாடி வீக்கம்: வயிற்றைத் திறப்பதா, கவட்டால் போவதா?

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வெள்ளவத்தையிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, “டொக்டர், வெட்டாமல் செய்ய ஏலாதா?” என்பதுதான். வயிற்றுப் பெருநாடி வீக்கம், அதாவது இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தநாடி வயிற்றுக்குள் பலூன்போல உப்புவது, ஆண்களில் 5.5 சென்ரிமீற்றரைத் தொட்டால் பொதுவாகச் சத்திரசிகிச்சைப் பேச்சு வரும்.

திறந்த சத்திரசிகிச்சையில் வயிற்றைக் கீறி, நாடியைக் கவ்வியால் அடைத்து, டேக்ரன் என்ற செயற்கைத் துணிக் குழாயைக் கையால் தைப்பார்கள். ஐசியு, பிறகு ஒரு கிழமையளவு வார்ட். தேற மாதங்கள் எடுக்கும். ஆனால் தைத்தது பெரும்பாலும் நின்றுபிடிக்கும்.

1990இல் ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கிய மற்ற முறையில், கவட்டு நாடியால் ஸ்டென்ட் கிராஃப்டை (கம்பிவலை பொருத்திய துணிக் குழாய்) ஏற்றுவார்கள். சில நாளில் வீடு. தலையிடி பிறகுதான்: ஓரத்தால் இரத்தம் கசியலாம், ஆயுள் முழுக்க ஸ்கேன்.

80 வயது, பலவீனமான இதயம் என்றால் கவட்டு வழிதான் என் தெரிவு. 60 வயதில் திடமானவர், வவுனியாவிலிருந்து ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கொழும்புக்கு ஓடிவர ஏலாதவர் என்றால் திறந்த சிகிச்சை.