பச்சைக் கடுகு நெடியோடு ஒரு ஆவக்காய்

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா வீட்டிலேயே போட்டு விற்கும் ஆவக்காய் அரைக் கிலோ வாங்கினேன். பென்சோயேட் என்ற பதப்படுத்தி சேர்ப்பதில்லை. ஓட்டோடு வெட்டிய மாங்காய், துண்டு இன்னும் நறுக்கென்று இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடுகு. வறுக்காமல், வெயிலில் காயவைத்துப் பச்சையாகப் பொடித்திருக்கிறார். பொடித்த கடுகில் ஈரம் பட்டதும் மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து அல்லைல் ஐசோதயோசயனேட் உருவாகும். மூக்கில் ஏறும் அந்த நெடி பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்க உதவுகிறது. கடுகை நன்றாக வறுத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும், நெடியும் வராது.

லேபிளில் ஒரு வரியை மட்டும் நுண்ணுயிரியல் கற்பிக்கும் என்னால் ஏற்க முடியவில்லை: 'கிராம்பு சேர்த்திருப்பதால் எந்தக் கிருமியும் வராது.' கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்ற பொருள் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவைக்கும், உண்மைதான். ஆனால் எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி சாவதில்லை. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு, அது ஓரளவு தடுக்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உள்ளே புகுந்த நச்சைப் பம்ப் செய்து வெளியே தள்ளும். போதாததற்கு, எண்ணெய் மிதக்கும் ஊறுகாயில் யூஜினாலின் பெரும்பகுதி எண்ணெயிலேயே தங்கிவிடும். இங்கே முக்கியக் காவல் உப்பும் மாங்காய்ப் புளிப்பும்தான். உப்பு தூக்கல் என்று குறைக்கச் சொல்லாதீர்கள். தயிர்சாதத்துக்குச் சரியாக இருக்கிறது.

அப்புறம், எண்ணெயில் மட்டும் ஊறவைத்த பச்சைப் பூண்டும் அங்கே விற்கிறார்கள். அதை வாங்கவில்லை. புளிப்பில்லாமல், காற்றுப்படாத எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் முளைக்கலாம். அக்காவிடமே சொல்லிவிட்டேன்.