ஊர் கிளினிக்கில் ஓர் எடை மேடை

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போய் வந்தேன். மனசில் நிற்பது தோல் டாக்டர் கிளினிக்கின் எடை மேடைதான்.

டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் சிஸ்டர் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். "நூத்தி நாலு!" காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. சோரியாசிஸ் என்னும் தோல் அழற்சி நோயால் முழங்கையில் செதில் உதிர்வதை மறைக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவன் நான். இப்போது எடையும் அம்பலம். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நான் வாழும் நாட்டில் இப்படிக் கத்த மாட்டார்கள்.

ஆனால் அங்கே நாலு வருடமாக எனக்கு ஃபோனிலேயே வைத்தியம். எடை கேட்பார்கள், பழைய 96-ஐச் சொல்வேன், அதோடு சரி. இந்த டாக்டர் டேப் வைத்து இடுப்பை அளந்தார். வயிற்று மடிப்பையும் அக்குளையும் பார்த்தார். அங்கே செதிலில்லாமல் சிவந்து எரிவதும் சோரியாசிஸ்தானாம். வியர்வையும் உராய்வும் கிளறிவிடுமாம். படர்தாமரை என்று நானாக நினைத்து எத்தனை களிம்பு தடவியிருக்கிறேன்! இந்த நோய் மூட்டையும் தாக்கலாமாம், காலையில் விரல் மூட்டு இறுகுகிறதா என்றும் கேட்டார்.

உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது என்று விளக்கினார். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குத் தோல் தணியும், மருந்தும் நன்றாகக் கேட்கும். சோரியாசிஸுக்கு நான் போடும் உஸ்டெகினுமாப் ஊசி 100 கிலோ வரை 45 மில்லிகிராம், அதற்கு மேல் 90. ஊசி கேட்கவில்லையே என்று ஒரு வருடமாகப் புலம்பிய எனக்கு வாயடைத்துப் போயிற்று.

மூட்டு வலித்தால் நடை நின்றுபோகும், நீச்சல் குளத்தில் சட்டையைக் கழற்றக் கூசும், எடை ஏறும், தோல் இன்னும் மோசமாகும். இதையெல்லாம் அவரே சொன்னார். "நீங்க வாயைக் கட்டலை" என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வார்த்தை இல்லாமல் என்னிடம் எடையைப் பற்றிப் பேசிய முதல் டாக்டர் அவர்தான்.

வெளியே வந்து, "எடையைச் சத்தமா சொல்லாதீங்க சிஸ்டர், சீட்டுல எழுதிக் குடுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் மேடையில் ஏறினாள். சிஸ்டர் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுதி, சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார்.