மெயிலை ஃபைலாக எடுத்து வைத்தால் தேதி எங்கே போகிறது? நாலு வருட அனுபவம்

திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது பையரின் ஆர்டரை ஆரம்பம் முதல் சரக்கு போகும் வரை கவனிப்பது. லேப் டிப் (சாயம் போட்டு அனுப்பும் கலர் சாம்பிள்) அப்ரூவல் என்றைக்கு வந்தது என்பதை வைத்துத்தான் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறுமா, விமானத்தில் போகுமா, விமானத்தில் போனால் காசு யார் தலையில் என்பதெல்லாம். எல்லாம் மெயிலில்தான் இருக்கும்.

நாலு வருசம் முன்னால் ஒரு ஜெர்மன் பையர், நாங்கள் லேட் என்று டெபிட் நோட் (பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கான சீட்டு) அனுப்பினார். கலர் அப்ரூவலை இழுத்தடித்ததே அவர்கள்தான். அந்த ஆர்டர் மெயில்களை ஜிமெயிலில் ஒவ்வொன்றாக டவுன்லோட் செய்து வைத்திருந்தேன். இடம் போதவில்லையென்று மெயில்பாக்ஸில் அழித்தும் விட்டேன். ஃபோல்டரைத் திறந்தால் அறுபது சொச்சம் ஃபைலுக்கும் ஒரே தேதி, நான் இறக்கிய தேதி. மொதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அத்தனை மெயிலும் ஒரே நாள்லயா வந்துச்சு?" என்றார்.

தேதி எங்கும் போகவில்லை என்று அன்று ராத்திரிதான் தெரிந்தது. டவுன்லோட் செய்தால் வரும் இஎம்எல் (.eml) ஃபைலை, ஒரு ஃபைலுக்கு ஒரு மெயில், நோட்பேடில் திறந்தால் மேலே 'டேட்' என்று ஒரு வரி இருக்கிறது. அனுப்பிய நாள், நேரம், கடைசியில் உலக நேரத்திலிருந்து எத்தனை மணி தள்ளி என்ற குறி, நம்மூருக்கு +0530. அதுதான் மெயிலின் தேதி. விண்டோஸ் காட்டுவது ஃபைல் டிஸ்கில் எழுதப்பட்ட நேரம்.

அதிலிருந்து தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேரும், அதில் சேர்க்கும் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆனும்தான். இலவசம். ஃபோல்டர் மொத்தத்தையும் ஒரே தடவையில் இஎம்எல் ஆக்கும். ஃபைல் பெயரில் மெயில் தேதியைச் சேர்க்கும். செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் ஃபைலின் மாடிஃபைட் தேதியையும் மெயில் தேதிக்கே மாற்றிவிடும். வருசம்-மாதம்-நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால், தேதி குழம்பினாலும் பெயர் வரிசையே தேதி வரிசை.

தொல்லைகளும் உண்டு. ஜெர்மன்காரர் குளிர்காலத்தில் ராத்திரி எட்டேகாலுக்கு அனுப்பினால் நமக்கு நள்ளிரவு தாண்டி முக்கால் மணி, அடுத்த நாள். அவர் 9-ஆம் தேதி என்பார், என் கம்ப்யூட்டர் 10-ஆம் தேதி என்கும். சண்டை வந்தால் நான் ஃபைல் பெயரைக் காட்டுவதில்லை, உள்ளே இருக்கும், ஜெர்மன் நேரக் குறியான +0100 உள்ள 'டேட்' வரியைக் காட்டுவேன்.

அடுத்தது பெயர் நீளம். பையர் ஆபீஸில் ஸ்டைல் நம்பர், கலர், சீசன் எல்லாவற்றையும் சப்ஜெக்டில் போட்டு, மேலே நாலு 'ரீ' வேறு. பையர், சீசன், ஆர்டர் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்திருந்தேன். பாதை, அதாவது ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்த நீளம், 260 எழுத்தைத் தாண்டியதும் விண்டோஸ் காப்பி செய்ய மறுத்துவிட்டது. இப்போது பேக்கப்புக்கு நேராக டிரைவின் அடியிலேயே ஒரு ஃபோல்டர், பெயர் இரண்டெழுத்து.

பிடிஎஃப் ஆக்கி வைக்கச் சொல்பவர்கள் நிறைய. பிரின்ட் போட்டுக் காட்ட நல்லதுதான். ஆனால் அட்டாச்மென்ட் வராது, எந்த சர்வர் வழியாக வந்தது என்ற வரிகளும் போய்விடும். நம் டேட்டாவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டும் பார்த்தேன். மொத்த மெயிலையும் ஒரே எம்பாக்ஸ் ஃபைலாகத் தருகிறது. பத்திரமாக வைக்கச் சரி, அவசரத்துக்கு ஒரு மெயிலைத் தேடி எடுப்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஜிஎஸ்டி கணக்கு வழக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்டர் மெயில்களையும் அதே கணக்கில்தான் வைக்கிறேன். சீசன் முடிந்ததும் ஒரு ஜிப், வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி. ஜிப்பில் போட்டுத் திரும்ப எடுத்தாலும் மாடிஃபைட் தேதி அப்படியே இருக்கிறது.

மெயில் தேதிக்கு மாறாதது 'கிரியேட்டட்' தேதி ஒன்றுதான். அது எக்ஸ்போர்ட் செய்த நாளை, வேறு இடத்தில் காப்பி செய்தால் காப்பி செய்த நாளைத்தான் காட்டுகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் அதை வைத்து அடுக்கிவிட்டு, "அண்ணா, எல்லாம் ஒரே தேதியா இருக்குதுங்க" என்று பதறி வந்தான். அந்த 'கிரியேட்டட்' நெடுவரிசையையே மறைத்து வைத்துவிட்டேன்.