குன்னூர் சபையின் உயில் முகாம்: போகலாம், ஆனால் படிவத்தை அப்படியே நிரப்ப வேண்டாம்

குன்னூரில் ஒரு சபை மாதம் ஒரு சனிக்கிழமை உயில் எழுதும் முகாம் நடத்துகிறது. ஆலயத்தை ஒட்டிய அறையில் ஒரு வக்கீல், ஒரு டைப்பிஸ்ட், எட்டுப் பக்கப் படிவம். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, டைப்பிங்குக்கு மட்டும் 300 ரூபாய். சொத்தில் ஒரு பங்கை ஊழியத்துக்கோ பள்ளிக்கோ ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்கான ஏற்பாடு. கேத்தி, கோத்தகிரி பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

உக்கிராணத்துவம், அதாவது கடவுள் தந்ததைப் பொறுப்பாகக் கையாள்வது என்றால் நம் சபைகளில் தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) அறுப்பின் பண்டிகை ஏலமும்தான். ஆயுசுக்குப் பிறகு கொடுப்பதைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்பதுபோல் எல்லோரும் நழுவிவிடுவார்கள். இந்த முகாம் அதைக் கூச்சமில்லாமல் பேசுகிறது. படிவமே கேத்தியில் 1849-ல் இறந்த ஜார்ஜ் காசமேஜரின் கதையில் தொடங்குகிறது. மெட்ராஸ் சிவில் சர்வீஸிலிருந்து ஓய்வுபெற்று அங்கே தங்கியவர். 1846-ல் கேத்திக்கு வந்த, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷனுக்குத் தன் சொத்தை எழுதிவைத்தவர்.

அடுத்த பக்கம் முழுக்கக் குடும்பத்துக்கு. மனைவி, பிள்ளைகள், கடன், மருத்துவச் செலவு எல்லாம் எழுதி முடித்தால்தான் காணிக்கைப் பக்கத்துக்கு விடுகிறார்கள். இந்த வரிசைக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். உயில் இல்லாமல் இறந்தால் 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். "எனக்கப்புறம் இதைக் கோயிலுக்குக் கொடுத்துடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனது எங்கும் எடுபடாது. வக்கீல் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறார்.

சாட்சி விஷயத்திலும் கறாராக இருக்கிறார். இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதுகிறவர் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்து, அவர் முன்னாலேயே அவர்களும் போட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழுந்துவிடும். எழுதுகிறவரைவிட வயது குறைந்த, மலையிலேயே இருக்கப்போகிற ஆளாகப் பார்ப்பது நல்லது. எழுபது வயது மூப்பர்கள் இரண்டு பேரைச் சாட்சியாகப் போட்டுவிட்டுப் பிறகு யாரைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவது? உயில் எழுதிய பிறகு கல்யாணமோ மறுமணமோ செய்தால் பழைய உயில் தானாக ரத்தாகும் என்பதையும் சொல்கிறார்கள்.

இனி குறைகள். முதல் குறை படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தால்தான் தர்மத்துக்கான உயில் செல்லும் என்று ஒரு எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். அது அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு. ஜான் வள்ளமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. உடம்பு முடியாத பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு "இனி எழுதி என்ன பிரயோஜனம்" என்று எழுந்துபோய்விடுவார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம்.

இரண்டாவதுதான் பெரியது. "யாருக்கு" என்ற கட்டத்துக்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். அதில் "எங்கள் சபைக்கு" என்றுதான் எழுதத் தோன்றும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் சொத்து 1947-ல் பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பது. ஆகவே அந்த அசோசியேஷனுக்கு, கோயம்புத்தூர் திருமண்டலத்தில் உள்ள இன்ன சபையின் இன்ன காரியத்துக்காக, என்று முழுதாக எழுத வேண்டும். கத்தோலிக்கர்கள் ஊட்டி மறைமாவட்டத்தின் பதிவுப் பெயர் என்ன என்று பங்குத்தந்தையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். சுயாதீன சபை என்றால் டிரஸ்ட் பத்திரத்தில் உள்ள பெயர். பாஸ்டர் பெயரில் எழுதினால் அது பாஸ்டரின் சொந்தச் சொத்தாகிவிடும். அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்குப் போகும்.

டெபாசிட் கட்டத்தில் எஃப்.டி. எண் கேட்கிறார்கள். இது வம்பு. எஃப்.டி. முதிர்ந்து வேறு எண்ணில் மாறினாலோ, நடுவில் உடைத்துச் செலவழித்தாலோ, உயிலில் சொன்ன பொருளே இல்லை என்று கொடை தவறிப்போக வழி உண்டு. "கடனும் இறுதிச் செலவும் போக மீதியுள்ளதில் பத்து சதவீதம்" என்று எழுதினால் எண் எப்படி மாறினாலும் கவலையில்லை. நாமினி விஷயமும் படிவத்தில் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு மனிதர்களைத்தான் நாமினியாகப் போட முடியும், சபையைப் போட முடியாது. வங்கி பணத்தை நாமினி கையில் கொடுத்துவிடும்; உயில்படி பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. எனவே உயிலை நிறைவேற்ற நியமிக்கிற ஆளும் நாமினியும் ஒரே ஆளாக இருந்தால் பாதித் தலைவலி குறையும். அந்த ஆளைப் பெயர் சொல்லிப் போட வேண்டும், கூடவே மாற்றாள் ஒருவரும். "அப்போதைய ஆயர்" என்று எழுதாதீர்கள். ஆயருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். புதிதாக வந்தவருக்கு உங்கள் குடும்பத்தில் யாரையும் தெரியாது.

நிலம் கொடுக்கிறவர்கள் படிவத்தை நம்பவே கூடாது. சர்வே எண்ணும் பரப்பும் மட்டும் கேட்கிறது. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் பார்க்காமல் ஒரு சென்ட்கூட எழுதக் கூடாது. நிபந்தனைப் பட்டா என்றால் அதிலுள்ள நிபந்தனையைப் படிக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969-ம் ஆண்டு ஜென்மச் சட்டத்தின் (ஜென்மி என்ற பழைய நில உரிமையாளர்களின் எஸ்டேட்டுகளை ஒழித்த சட்டம்) 17-வது பிரிவு நிலமாக, அதாவது தோட்டக் குத்தகை நிலமாக இருந்தால், அனுபவத்தில் இருப்பதை மட்டும் வைத்து எழுதிக்கொடுப்பது சபைக்கு ஒரு வழக்கைப் பரிசளிப்பதற்குச் சமம். தேயிலைத் தோட்டத்தை மகனுக்குக் கொடுத்து, அதிலிருந்து வருஷம் 10,000 ரூபாய் சபைக்குக் கட்டச் சொல்வதும் சரிவராது. பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷம் மகனுக்கு அது கடன். வருமானத்தில் இத்தனை சதவீதம் என்றால் அவனுக்கும் மனம் கோணாது.

என்டோமென்ட் பக்கம், அதாவது முதலை வைத்துக்கொண்டு வட்டியில் உதவுகிற நிதிக்கான பக்கம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. கணக்கையே போட்டுக் காட்டுகிறார்கள்: 2,00,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் போட்டால் வருஷம் 13,000. முழு வட்டியையும் ஸ்காலர்ஷிப்பாகக் கொடுத்துக்கொண்டே போனால், விலைவாசி ஐந்து சதவீதம் ஏறும் கணக்கில், இருபது வருஷத்தில் அந்த 2,00,000-க்கு இன்றைய 75,000 அளவுதான் மதிப்பு இருக்கும். 8,000 கொடுத்து 5,000-ஐ அசலோடு சேர்த்தால் தேய்வது பெருமளவு குறையும். ஆலயச் சுவர்ப் பலகைகளில் பெயர் மட்டும் பெரிதாக இருந்து பரிசு பேனா வாங்கக்கூடக் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். சேர்க்க வேண்டிய ஒரு வரி: குறிப்பிட்ட பள்ளி மூடப்பட்டால் பணம் எதற்குப் போக வேண்டும் என்பது. மலையில் பிள்ளைகள் குறைந்துவரும் பள்ளிகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் தங்கள் பணத்தையும் இதில் சேர்ப்பதானால், வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு) இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அறை ஏற்பாட்டில் ஒன்று மாற வேண்டும். கமிட்டி உறுப்பினர் ஒருவர் மேசையோரம் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனால் கொடை வாங்கப்போகிற தரப்பு பக்கத்தில் இருந்து எழுதவைத்தது என்று நாளைக்கு ஒரு பிள்ளை வழக்குப் போட்டால், அந்த டீயே சாட்சியாகும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 2002 திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்கள் உயிலுக்கு புரொபேட் (உயிலை உறுதிசெய்து கோர்ட் தரும் சான்று) வாங்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே மேல். ஜெல் பேனா வேண்டாம், மலை ஈரத்தில் மை பரவும், பால்பாயின்ட் போதும். லேமினேட் செய்யக் கூடாது. கிளிப் கவரில் போட்டு பீரோவின் மேல் தட்டில் வையுங்கள், சுவரோரம் வைத்தால் ஆடி மழைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

முகாமுக்குப் போகும்போது ஆதார், பாஸ்புக், பட்டா நகல், வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் முழுப் பெயர் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். பத்து மணிக்கு முன்பே போனால் வக்கீலிடம் நிதானமாகப் பேசலாம், மதியத்துக்குப் பிறகு கூட்டம். முதல் முறை டைப் ஆனதும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டு அடுத்த மாதம் போய்ப் போடுங்கள். அதற்கு அவர்கள் மறுபடி 300 கேட்பதில்லை.