குறைந்த பந்தயம் என்று எழுதியிருந்தால் நம்பி உட்காராதீர்கள்

கேசினோவுக்குப் போவது சரியா தவறா என்ற பஞ்சாயத்தை இங்கே வைக்கவில்லை. போனேன், ஆடினேன், ஏமாந்தேன். அதிலும் சீட்டில் தோற்றதைப் பற்றிப் புகார் இல்லை. தோற்கத் தயாராகத்தான் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். குறைந்த பணத்தோடு வருகிறவனைக் குறிவைத்தே ஒரு மேசை போடப்பட்டிருக்கிறது என்பது தெரியாமல் போய் உட்கார்ந்ததுதான் எரிச்சல்.

எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்ணாகவே சொல்கிறேன். என் கையில் 400. பயணத்தை ஏற்பாடு செய்தவர் பேருந்து, அறையோடு '100-க்கு இலவச சிப்' என்றும் சொல்லியிருந்தார். ஆக 500 என்று நானும் நண்பனும் பேருந்திலேயே கணக்குப் போட்டுவிட்டோம்.

உள்ளே போனதும் முதல் அடி அங்கேதான். சிப் என்பது மேசையில் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை. அந்த இலவச சிப்பைக் காசாளரிடம் கொடுத்துப் பணமாக்க முடியாது. மேசையில் வைத்து ஆட மட்டும்தான். ஆடினாலும், ஜெயித்தால் அதற்கு ஈடான நிஜ சிப் தருவார்கள், ஆனால் இலவச சிப்பை எடுத்துக்கொள்வார்கள். தோற்றாலும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சிப்புக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அப்படியென்றால் 100 என்று எழுதியிருப்பதன் உண்மையான மதிப்பு 50-ஐக்கூடத் தொடாது. 10 மதிப்புள்ள பத்து சிப்பில் நான்கு ஜெயித்து எனக்கு 40 வந்தது. பயணத்தை விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ, நானும் கேட்கவில்லை.

சரி, மேசைக்கு வருவோம். அருகருகே இரண்டு பிளாக்ஜாக் மேசைகள். கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் கேசினோ ஊழியரான டீலரைவிட அதற்கு நெருங்கி வர வேண்டிய சீட்டாட்டம். ஒன்றில் குறைந்தபட்சப் பந்தயம் 15, இன்னொன்றில் 10. சின்ன பட்ஜெட்காரன் எங்கே போவான்? 10-ல் போய் உட்கார்ந்தேன். 400-ஐப் பத்தால் வகுத்தால் நாற்பது பந்தயம், மாலை முழுக்க ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு.

நான் தயாராகாமல் போனவன் இல்லை. எந்தச் சீட்டுக்கு எப்போது இன்னொன்று வாங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அட்டவணையை ஒரு வாரம் படித்திருந்தேன். இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்கள் அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் தளத்தில் இருந்த நான்கு பேர்: பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட். கணினி இல்லாமல் மேசைக் கணக்குப்பொறியிலேயே போட்டு 1956-ல் வெளியிட்டார்கள். அதன்படி ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கேசினோவின் லாப விகிதம் அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 'நல்ல விதிகள் உள்ள மேசையில்' என்ற பகுதியைத்தான் நான் கண்ணால் தாண்டிப் போய்விட்டேன்.

உட்கார்ந்து கால் மணி நேரத்தில் ஏஸும் ராஜாவும் விழுந்தன. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதற்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர். முதல் பிளாக்ஜாக்! பத்துக்குப் பதினைந்து வரும் என்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டீலர் 12-ஐ எண்ணி வைத்தார். குறைவாக வைத்துவிட்டார் போல என்று நினைத்துக் கேட்டேன். அவர் பேசவே இல்லை. விரலை நீட்டி என் சிப் அடுக்கைச் சற்று நகர்த்தச் சொன்னார். அடுக்குக்குக் கீழே, பச்சைத் துணியில் வளைவாக அச்சடித்திருந்தது: பிளாக்ஜாக் வந்தால் 5-க்கு 6. இத்தனை நேரமும் என் சிப்பாலேயே அதை மூடி வைத்திருந்திருக்கிறேன். பக்கத்து 15 மேசையின் துணியை எட்டிப் பார்த்தால் 2-க்கு 3 என்று இருந்தது.

மூன்று தானே குறைகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதனால்தான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. ஆனால் பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். ஆட்டக்காரனுக்குக் கூடுதல் பணம் வருகிற முக்கியமான வழியே அதுதான். அதில் கை வைத்தால் கேசினோவின் பங்கு 1.4 சதவீதத்துக்குப் பக்கமாகக் கூடிவிடுகிறது. அரை சதவீதம் இருந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு.

மணிக்கு எழுபது ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மேசையில் 700 புரளும், அதில் இரண்டு சதவீதம் என்றால் சராசரியாக 14 போகும். 15 மேசையில் 1,050 புரளும், அரை சதவீதம் என்றால் ஐந்தேகால். மலிவு என்று நினைத்து உட்கார்ந்த மேசையின் நிஜ விலை, விலை கூடியதென்று ஒதுக்கிய மேசையைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். 15-ல் ஏற்ற இறக்கம் பெரிது, 400 சீக்கிரம் கரையவும் வாய்ப்புண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் குறைந்த நேரம் ஆடினாலும் அங்கேதான் ஆடியிருக்க வேண்டும்.

அப்புறம் இன்சூரன்ஸ், அதாவது டீலருக்குப் பிளாக்ஜாக் வரும் என்று தனியாக வைக்கும் பந்தயம். டீலரின் திறந்த சீட்டு ஏஸ், என்னிடம் மறுபடியும் பிளாக்ஜாக். டீலர் கரிசனமாக, நல்ல சீட்டு வைத்திருக்கிறீர்கள், காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அட்டவணை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அந்தக் குரலில் மயங்கி 5 வைத்தேன். டீலரின் மூடிய சீட்டு பத்து மதிப்புள்ளதாக இருந்தால்தான் அந்தப் பணம் ஜெயிக்கும். பதின்மூன்று வகைச் சீட்டில் நான்கு வகைதான் அப்படி, மீதி ஒன்பதில் போச்சு. கொடுப்பதோ ஒன்றுக்கு இரண்டு. திருப்பினார், ஏழு. இன்சூரன்ஸ் 5 போனது, பிளாக்ஜாக்குக்கு 12 வந்தது. கையில் நின்றது 7. ஆட்டத்திலேயே சிறந்த சீட்டு வந்து, போட்ட பத்துக்குப் பத்துகூடக் கிடைக்கவில்லை! டீலரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருப்பார்கள். ஆனால் மேசையில் யார் அறிவுரை சொன்னாலும் அது யாருடைய பணத்தைக் காக்கிறது என்று ஒரு நொடி யோசியுங்கள்.

சீட்டு கலக்கும் இயந்திரத்தையும் சொல்ல வேண்டும். ஆடி முடித்த சீட்டை உடனுக்குடன் அதற்குள் திணித்துக்கொண்டே இருந்தார்கள். கலக்குவதற்கென்று நிறுத்தமே இல்லை. எனக்கு வசதி என்றுதான் பட்டது. மூச்சு விடுகிற நேரமும் ஆட்டமாகிறது, ஆட்டம் கூடக் கூட அந்த இரண்டு சதவீதமும் அடிக்கடி வெட்டுகிறது என்று பிறகுதான் உறைத்தது. ஜோடி விழுந்தால் பெரும் பணம் என்ற பக்கவாட்டுப் பந்தய வட்டமும் இருந்தது. நல்லவேளை, அதைத் தொடவில்லை.

இரண்டரை மணி நேரத்தில் இலவச சிப்பில் வந்த 40-ஐயும் சேர்த்துக் கையில் 230. அப்போது மேற்பார்வையாளர் வந்து மேசை மூலையில் இருந்த பலகையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். குறைந்தபட்சம் இனி 25. பல இடங்களில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களைப் பழைய தொகையிலேயே ஆட விடுவார்கள். இங்கே அடுத்த ஆட்டத்திலிருந்தே எல்லோருக்கும். கேட்டதற்கு, பலகையில் போட்டிருக்கிறதே என்பதுதான் பதில். அந்தப் பலகை வந்தே அரை நிமிடம் ஆகியிருக்காது. இருபத்து மூன்று பந்தயம் வைத்திருந்தவன் ஒரு நொடியில் ஒன்பது பந்தயக்காரன் ஆனேன். நியாயமாக அங்கேயே எழுந்திருக்க வேண்டும். பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது, நண்பன் வேறெங்கோ சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் இருந்தான், உட்கார்ந்தே இருந்துவிட்டேன். என் பங்கு முட்டாள்தனம் அது.

கடைசியில் 35 மிஞ்சியது. 25 வைத்தேன். எனக்கு இரண்டு எட்டு, டீலருக்கு ஆறு. யோசிக்காமல் எட்டைப் பிரித்து இரண்டு தனி ஆட்டமாக ஆட வேண்டிய இடம், அதற்கு இன்னொரு 25 வேண்டும். கையில் 10. டீலர் என்னைப் பார்த்தார், நான் சிப்பைப் பார்த்தேன். பதினாறோடு நின்றேன். அவர் திருப்பியது ஒரு பத்து, அதன்மேல் ஒரு ஐந்து. இருபத்தொன்று. பந்தயத்தை இரட்டிப்பாக்கவோ பிரிக்கவோ கையில் மிச்சம் இல்லாதவனுக்கு அந்த அட்டவணை பாதிதான் பயன்படும். பந்தயம் எத்தனை என்று எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

அன்று வந்த பிளாக்ஜாக் ஏழு, எல்லாம் 10 பந்தயத்தில். 84 கொடுத்தார்கள், பக்கத்து மேசை விகிதத்தில் 105. போகிறவர்கள் உட்காருவதற்கு முன் துணியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். சிப்போ டம்ளரோ மறைத்தால் நகர்த்திவிட்டுப் படியுங்கள். பலகை மாறினால் உட்கார்ந்திருப்பவருக்கும் தொகை மாறுமா என்று டீலரிடம் முதலிலேயே கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலவச சிப் தருகிறோம் என்பவரிடம், பணமாக்கலாமா என்று மட்டும் கேட்டால் போதும்.

மிச்சம் இருந்த 10 சிப்பைக் காசாளரிடம் மாற்றாமலே வந்துவிட்டேன். நண்பன் அதைப் பேருந்தில் சுண்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.