மதுரையில் எந்த இங்கிலீஷ் எடுபடும்?

டல்லாஸிலிருந்து லீவுக்கு மதுரை வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே பெரும்பாலான வேலைகள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. ஆனால் கேட்கிற சொல் இந்த ஊர் இங்கிலீஷாக இருக்க வேண்டும். நம் அமெரிக்க இங்கிலீஷும் செல்லாது, மேடைத் தமிழும் செல்லாது.

மெடிக்கலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பையனுக்கு ராத்திரியில் காய்ச்சல். டைலனால் கேட்டேன், அசிட்டமினோஃபென் என்றும் சொல்லிப் பார்த்தேன். கடைத் தம்பி, "காய்ச்சலுக்குத்தானேண்ணே? பாரசிட்டமால்னு சொல்லுங்க" என்றார். மருந்து ஒன்றுதான், அமெரிக்காவில் அதற்கு வேறு பெயர். டோலோ 650 அட்டையை எடுத்தவர், பையனின் வயதைக் கேட்டதும் அதை உள்ளே வைத்துவிட்டு சிரப்பைக் கொடுத்தார். லேபிளை அவசியம் படியுங்கள். எனக்குக் கிடைத்த பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான சிரப்பில் 160தான். அங்கே கொடுத்த அளவை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாடகைக் காரில் போகும்போது, அமெரிக்காவில் பெட்ரோலைச் சொல்வதுபோல "கேஸ் போடணுமா?" என்று கேட்டால், "இது கேஸ் வண்டி இல்ல சார், பெட்ரோல்" என்றுதான் பதில் வரும். பெட்டியை ஏற்ற டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். டயர் பஞ்சர் என்றால் ஸ்டெப்னி. வேல்ஸில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர் அது. வெள்ளைக்காரனே மறந்துவிட்டான், நம் மெக்கானிக்குகள் விடவில்லை!

ஓட்டலில் 'டு கோ' வேண்டாம், பார்சல் என்றால் போதும். வாழை இலையும் பேப்பரும் சுற்றி, சாம்பாரைத் தனியாகக் கட்டி, நாம் பில் கொடுப்பதற்குள் கையில் தந்துவிடுகிறார்கள். இந்த வேகத்தை டல்லாஸில் நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் லேப் ஃபர்ஸ்ட் ஃப்ளோரில் என்றார்கள். டல்லாஸில் வளர்ந்த மகள் கீழேயே ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் தரைத்தளம்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர், இங்கே ஒரு மாடி ஏற வேண்டும். தேதியும் அப்படித்தான்: ரிப்போர்ட்டில் 04/05 என்றால் மே 4.

பேங்க்தான் சோதித்துவிட்டது. பாஸ்போர்ட் ஜெராக்ஸை நீட்டினால், "அட்டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். யார் பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. நோட்டரியைத் தேடிப் போகவா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்ற அக்கா, "செல்ஃப் அட்டெஸ்ட்தான் தம்பி, காப்பி மேல நீங்களே கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். கவுண்டரில் இருந்தவர் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அப்புறம் சர்நேம் கட்டம். இனிஷியலை விரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்டேட் ஆனதாக இன்னும் எஸ்எம்எஸ் வரவில்லை.