பீட்ஸ் வயல் (மணி போட்ட குப்பி): பக்டீரியா சேமிக்க வாங்கலாமா?

கச்சான், பயறு வேர்முடிச்சில இருந்து பிரிச்ச பக்டீரியாவ வருசக்கணக்கா உயிரோட வச்சிருக்க என்ன வாங்கலாம் எண்டு கிளிநொச்சிப் பக்கம் லாப்பில நிக்கிற பிள்ளையள் கேக்கினம். நாங்கள் பாவிக்கிறது பீட்ஸ் போட்ட கிரையோ வயல், அதாவது கடுங்குளிருக்குத் தாங்கிற குப்பி. சின்னக் குப்பிக்குள்ள 25 அளவில நுண்துளை மணி, கூடவே உறையேக்க செல் சாகாமக் காக்கிற திரவம். கலப்பில்லாத கல்ச்சர, அதாவது வேற கிருமி சேராம வளத்த பக்டீரியாவ, தட்டில இருந்து தாராளமா அள்ளிக் கரைச்சு, மூடி, நாலஞ்சு தரம் கவிட்டுப் பிரட்டி, திரவத்தப் பிப்பெட்டால உறிஞ்சி எடுத்திட்டு -80 பாகையில வைக்கிறதுதான். வோர்டெக்ஸில (வேகமாச் சுழட்டிக் குலுக்கிற மெசின்) போடாதேங்கோ. திரவம் மிச்சம் நிண்டா மணியெல்லாம் ஒண்டாக் கட்டியாகிடும், பிறகு கிளப்பேலாது.

எனக்குப் பிடிச்சது, ஒரு மணிய மட்டும் எடுத்து தட்டில உருட்டினாக் காணும், மிச்சம் இளகாது. மணி இல்லாம கிளிசரோல் திரவத்தில கலந்து உறைய வைக்கிற குப்பிய ஒவ்வொருக்காவும் இளக விட்டு எடுத்தா, இளகி உறையிற நேரமெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா செத்துக்கொண்டு போகும். அகார் ஸ்லான்ட்டில (குழாயில சரிவா உறைய விட்ட கூழ்) வளத்து 4 பாகையில வச்சுத் திருப்பித் திருப்பி மாத்திறது இன்னும் மோசம், கலப்பு வரும், அதோட ரைசோபியம் எண்ட வேர்முடிச்சுப் பக்டீரியா சிலதில முடிச்சுப் போடுற ஜீன் பிளாஸ்மிட்டில (செல்லுக்குள்ள தனியாக் கிடக்கிற டி.என்.ஏ துண்டு) கிடக்கு, அது கழண்டா பக்டீரியா நல்லா வளரும் ஆனா வேரில முடிச்சே வராது. அத விதையில பூசி விதைச்ச கமக்காரருக்கு என்ன பிரயோசனம் சொல்லுங்கோ?

குறை எண்டா விலைதான், கிளிசரோலும் வெறுங்குப்பியும் வாங்கிறதவிட நல்லாக் கூட. சாதாரண மார்க்கரால எழுதினா பனியில அழிஞ்சுபோம், குளிருக்குத் தாங்கிற லேபல் தனிய வாங்கோணும்.

ஆனா பெரிய விசயம் கறண்ட். வன்னி வெயிலுக்குள்ள ஜெனரேட்டர் இல்லாம -80 பிரீசர நம்பி இத மட்டும் வாங்காதேங்கோ. வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி தானா ஐஸ் கரைக்கிற -20 பிரீசர் இருக்கிற ஆக்களும் விடுங்கோ, அது அடிக்கடி சூடாகிக் குளிருறதில மணி வாங்கின நோக்கமே கெட்டுப்போம். அப்பிடியான இடத்துக்கு உறைய வச்சு உலர்த்தி வெற்றிடத்தில மூடின அம்பூல் (உருக்கி அடைச்ச கண்ணாடிக் குப்பி) தான் சரி. இங்கிலாந்தில என்.சி.டி.சி எண்ட பக்டீரியாச் சேகரிப்பில முதலாம் இலக்கம், 1915 இல ஒரு சிப்பாயிட்ட இருந்து எடுத்த சிகெல்லா எண்ட வயித்துளைவுப் பக்டீரியா, 1951 இல உலர்த்தினது, அரை நூற்றாண்டு தாண்டியும் வளந்திருக்கு. உலர்த்திற மெசின் இல்லாட்டி இருக்கிற இடத்தில கேட்டுச் செய்விச்சு எடுங்கோ.

பீட்ஸ் வாங்கிற ஆக்கள் ஒவ்வொரு கல்ச்சரிலயும் ரெண்டு குப்பி போட்டு, ஒண்டை யாழ்ப்பாணத்திலயோ வவுனியாவிலயோ தெரிஞ்ச லாப்பில குடுத்து வையுங்கோ.